ஃபியூச்சராமாவின் ‘ஜுராசிக் பார்க்’ அத்தியாயமும் ரசிகர்களின் கண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் கதையின் முடிவு முழுமையாகச் சொல்லப்பட்டுள்ளது. அத்தியாயத்தை இதுவரை பார்க்காதவர்கள், இருபத்திரண்டு நிமிடம் ஒதுக்கி அதைப் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

எந்த அத்தியாயத்தைப் பற்றிய பக்கம் இது?

மேட் குரோனிங் உருவாக்கி, டேவிட் எக்ஸ். கோஹனுடன் சேர்ந்து வளர்த்தெடுத்த ‘ஃபியூச்சராமா’ என்னும் அமெரிக்க அனிமேஷன் நகைச்சுவைத் தொடரில், 2002 நவம்பர் 17 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ஜுராசிக் பார்க்’ என்னும் அத்தியாயத்தைப் பற்றியது. எழுதியவர் எரிக் கப்லன். இயக்கியவர் ஸ்விண்டன் ஸ்காட். தலைப்பின் இரண்டாவது சொல் நாயின் குரைப்பைக் குறிப்பதால், டைனோசர் படத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தொடரை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். நியூயார்க்கில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கும் ஃபிரை என்னும் இளைஞன், 1999 டிசம்பர் 31 இரவில் ஓர் உறைநிலைக் குடுவைக்குள் விழுந்து, ஆயிரம் ஆண்டுகள் கழித்து விழித்தெழுகிறான். ஒற்றைக் கண் கொண்ட லீலாவும், குடியும் திருட்டுமாக வாழும் பெண்டர் என்னும் ரோபோவும், தள்ளாத வயதுப் பேராசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த்தும் அங்கே அவனுக்குக் குடும்பமாகின்றனர். தொடரின் பெரும்பாலான சிரிப்பு இந்த ஆயிரம் ஆண்டு இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது. ரசிகர்களை அழவைத்ததும் இதே இடைவெளிதான்.

கதைச் சுருக்கம் என்ன?

அருங்காட்சியகத்தில் இருபதாம் நூற்றாண்டுப் பீட்சா கடை ஒன்றின் இடிபாடுகள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. பார்க்கப் போன ஃபிரை, அது தான் வேலை பார்த்த பனுச்சி கடை என்பதை அடையாளம் காண்கிறான். அங்கே கல்லாக உறைந்து கிடக்கும் நாய், அவன் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த சீமோர். அருங்காட்சியக வாசலில் மூன்று நாள் விடாமல் நடனமாடிப் போராட்டம் நடத்தி, அவன் அந்தப் புதைபடிவத்தை வாங்கிவருகிறான். நாயை நகலாக்கம் (குளோனிங்) செய்து, பழைய நினைவுகளோடு திரும்ப உயிர்ப்பிக்க முடியும் என்கிறார் பேராசிரியர். இதனால் பொறாமைப்பட்ட பெண்டர் படிவத்தை எரிமலைக் குழம்பில் வீசிவிட்டு, நண்பனின் துயரத்தைக் கண்டு மனம் மாறித் தானே குதித்து அதை மீட்டெடுக்கிறான்.

உயிர்ப்பிக்கும் கடைசி நேரத்தில் கணினி ஒரு தகவலைச் சொல்கிறது: நாய் இறந்தபோது அதன் வயது பதினைந்து. ஃபிரை உறைந்துபோனபோது அதற்கு வயது மூன்றுதான். தான் மறைந்த பிறகும் சீமோர் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது, அதற்குள் வேறொரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டு தன்னை மறந்திருக்கும் என்று ஃபிரை எண்ணிக்கொள்கிறான். நிம்மதியாக வாழ்ந்து முடித்த உயிரைத் தன் ஆசைக்காக எழுப்புவது தகாது என்று முடிவு செய்து, இயந்திரத்தை நிறுத்திவிடுகிறான்.

பிறகு திரை 2000ஆம் ஆண்டுக்குப் போகிறது. நான் வரும்வரை இங்கேயே இரு என்று எஜமான் சொல்லிப்போன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, சீமோர் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறது. இலை உதிர்கிறது, பனி பெய்கிறது, வெயில் அடிக்கிறது. கடைக்காரர் பனுச்சி முதியவராகிறார். நாய் நரைத்துத் தளர்ந்து, கடைசியில் அதே இடத்தில் தலைசாய்த்துக் கண்களை மூடுகிறது. அத்துடன் அத்தியாயம் முடிகிறது.

ஒரு நாய் சாவது திரைக்குப் புதிதல்லவே. இதற்கு மட்டும் ரசிகர்கள் ஏன் இவ்வளவு கலங்கினார்கள்?

கண்ணீருக்குக் காரணம் நாயின் சாவு என்று பலர் சொல்வது பாதி உண்மைதான். சீமோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டது என்பது கதையின் முதல் சில நிமிடங்களிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதை மனம் ஏற்றுக்கொண்டுதான் மீதிக் கதையைப் பார்க்கிறோம். கடைசி ஒரு நிமிடம் நமக்குத் தருவது வேறொரு செய்தி: ஃபிரை நினைத்தது தவறு. அந்த உண்மையை அறிந்த ஒரே ஆள் பார்வையாளர். அதை ஃபிரையிடம் சொல்வதற்கு நமக்கு வழியில்லை.

இதே தொடரில் 2001 மார்ச் 11 அன்று ஒளிபரப்பான ‘தி லக் ஆஃப் தி ஃபிரைரிஷ்’ என்னும் அத்தியாயத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கே, தன் அண்ணன் தன்னுடைய அதிர்ஷ்ட இலையையும் பெயரையும் திருடிக்கொண்டான் என்று கோபத்தோடு கல்லறையைத் தோண்டப்போகும் ஃபிரை, காணாமல்போன தம்பியின் நினைவாக அண்ணன் தன் மகனுக்கு அந்தப் பெயரைச் சூட்டியிருந்தான் என்று கல்வெட்டைப் படித்து அறிகிறான். தவறான எண்ணம், பிறகு பழங்காலக் காட்சி, அதன்பின் உண்மை என்று இரண்டு கதைகளும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் அண்ணனின் கதையில் உண்மை ஃபிரையைச் சென்று சேர்கிறது. அவன் அழுகிறான், அவனோடு நாமும் அழுது ஆறுகிறோம். சீமோரின் கதையில் உண்மை அவனைச் சேரவே இல்லை. அவன் மனநிறைவோடு நடந்து போய்விட, அழும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. முதல் அத்தியாயத்தை நெகிழ்ச்சியானது என்று சொல்லும் அதே ரசிகர்கள் இரண்டாவதைத் தாங்கமுடியாதது என்று சொல்வதற்கு இந்த ஒரு வேறுபாடே காரணம் என்பது எங்கள் கருத்து.

பாட்டையும் சொல்லியாக வேண்டும். இறுதிக் காட்சி முழுவதும் பேச்சே இல்லை. மிஷெல் லெக்ரான் 1964இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுப் படத்துக்கு இசையமைத்த காத்திருப்புப் பாடலின் ஆங்கில வடிவம், கானி ஃபிரான்சிஸின் குரலில் பின்னணியில் ஒலிக்கிறது. காதலருக்காக எழுதப்பட்ட வரிகள் ஒரு தெருநாயின் மேல் பொருந்தும்போது முதல் நொடியில் உதட்டில் ஒரு சிரிப்புக்கூட வரும். அதன்பின் பருவங்கள் மாறத் தொடங்குகின்றன. அந்தப் பாடலை வேறெங்கு கேட்டாலும் உடனே நிறுத்திவிடுவோம் என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு.

இது பார்வையாளர்களை வேண்டுமென்றே அழவைக்கும் மலிவான உத்தி என்ற குற்றச்சாட்டு சரியா?

இந்தக் குற்றச்சாட்டு புறக்கணிக்கத் தக்கதல்ல. நாய், மழை, பனி, சோகப் பாட்டு என்று எல்லாவற்றையும் ஒரே நிமிடத்தில் குவித்தால் கல்லும் கரையும், இதில் என்ன கலை இருக்கிறது என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இருபது நிமிடம் சிரிக்கவைத்துவிட்டு, முன்னறிவிப்பு இல்லாமல் அழவைத்து, ஒரு ஆறுதல் சொல்லும் இல்லாமல் பெயர்ப்பட்டியலை ஓட்டியது நியாயமற்றது என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

ஆனால் அந்த முடிவுக்கான ஏற்பாடுகள் கதை முழுவதும் சிரிப்பின் உருவத்திலேயே வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஃபிரைக்கு அந்த நாய் கிடைத்ததே யாரோ தொலைபேசியில் விளையாடிய ஒரு குறும்பால்தான். கெட்ட சொல் ஒலிக்கும்படி யாரோ கொடுத்த பொய்ப் பெயரையே அவன் நாய்க்கு வைக்கிறான். ஒரு துள்ளிசைப் பாடலின் மெட்டில் சீமோர் குரைப்பது இன்னொரு நகைச்சுவை. எஜமான் உறைந்து நிற்கும் குடுவையை நாய் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்து, அவனுடைய பெற்றோரை அங்கே அழைத்துவந்து குரைத்துக் காட்டியும், அவர்கள் எதையும் கவனிக்காமல் அதை இழுத்துக்கொண்டு போவதும் சிரிப்பாகவே காட்டப்படுகிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது இவற்றில் ஒன்றுக்குக்கூடச் சிரிக்க முடிவதில்லை. கடைசி நிமிடத்தில் ஒட்டவைத்த சோகம் முன்காட்சிகளை இப்படி மாற்றிவிடாது. ஆகவே மலிவான உத்தி என்பதை நாங்கள் ஏற்கவில்லை; ஈவிரக்கமற்ற உத்தி என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டோம்.

சீமோரை உயிர்ப்பிக்காமல் விட்ட ஃபிரையின் முடிவு சரியானதா?

ரசிகர்களிடையே மிக அதிகம் விவாதிக்கப்படுவது இதுதான். ஒரு தரப்பினர், அந்த நாய் கேட்டதெல்லாம் ஃபிரையைத்தான், அது அவனைக் காணாமலேயே இறந்தது, கைக்கு எட்டிய மறு வாழ்வை அவனே தட்டிவிட்டான் என்று கோபப்படுகிறார்கள். நினைவுகளும் திரும்பி வரும் என்று பேராசிரியர் உறுதி சொன்னபின், வயதைக் கேட்டு மனம் மாறியது ஏன் என்பது அவர்கள் கேள்வி.

மற்றொரு தரப்பினர், அவனுக்குத் தெரிந்ததை வைத்துத்தானே அவன் முடிவெடுக்க முடியும் என்கிறார்கள். தன்னலம் மிகுந்தவனாகவும் சோம்பேறியாகவும் தொடர் முழுவதும் வரையப்பட்ட ஒருவன், தனக்கு வேண்டியதைக் கைவிட்டு இன்னோர் உயிரின் நலத்தை முன்வைக்கும் அபூர்வமான தருணம் அது. மூன்று நாள் தெருவில் ஆடி வாங்கிவந்த ஒன்றைத் தானே விட்டுக்கொடுக்கிறான் என்பதில்தான் அவனுடைய அன்பின் அளவு தெரிகிறது.

எங்களுக்கு இரண்டாம் தரப்பே ஏற்புடையது. ஆனால் முதல் தரப்பின் கோபம் இல்லாவிட்டால் இந்த அத்தியாயம் வேலையே செய்யாது. முடிவு அன்பானதாகவும் தவறானதாகவும் ஒரே நேரத்தில் இருப்பதால்தான், யாரையும் குற்றம் சொல்ல முடியாமல் பார்வையாளர் தவிக்கிறார். பெண்டரின் மேல் பழி போடலாம் என்றால், அவன்தான் எரிமலைக் குழம்பில் இறங்கிப் படிவத்தை மீட்டவன். பேராசிரியர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். வில்லன் இல்லாத கதையில் கோபம் எங்கே போய் நிற்கும்? எழுதியவர்களின் மேல்தான்.

ஃபிரையிடம் யாராவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தை ரசிகர்கள் வரைந்த ஓவியங்களில் காணலாம். வாசலில் படுத்திருக்கும் கிழட்டு நாயின் முன் ஃபிரை வந்து நிற்பது போலவும், இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொள்வது போலவும் எத்தனையோ பேர் வரைந்திருக்கிறார்கள். கதையை மாற்றிவிட வேண்டும் என்று பார்வையாளர்களைத் தூரிகை எடுக்கவைத்த இருபத்திரண்டு நிமிடங்கள் தொலைக்காட்சியில் அதிகம் இல்லை.

பெண்டரின் பொறாமைக் கதை தேவையற்ற இடைச்செருகலா?

அப்படிக் கருதுவோர் உண்டு. ஃபிரைக்கு நெருங்கிய நண்பன் நாயா, தானா என்று ரோபோ சண்டையிடும் பகுதி கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் எரிமலைக் குழம்பைத் தாங்கும் டோலமைட் என்னும் கனிமம் தன் உடலில் நாற்பது விழுக்காடு இருக்கிறது என்று பெண்டர் குதிக்கும் இடம், தன் உடல் எதனால் ஆனது என்று அவன் அடிக்கடி அடித்துக்கொள்ளும் பெருமையைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நல்ல விருந்து. தவிர, பெரிய நெருக்கடி தீர்ந்துவிட்டது, இனி மகிழ்ச்சியான முடிவுதான் என்று நம்மை நம்பவைப்பதும் அந்தக் காட்சியே.

இந்த அத்தியாயத்தை மீண்டும் பார்க்கவே மாட்டேன் என்று பலர் சொல்வது ஏன்? அது வெறுப்பா?

பெரும்பாலும் வெறுப்பு அல்ல. தொடரை முதலிலிருந்து மறுபடி மறுபடி பார்க்கும் வழக்கமுள்ளவர்கள்கூட, நான்காம் பருவத்தில் இந்த இடம் வந்ததும் தாவி அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அதே ஆட்கள், தொடரின் மிகச் சிறந்த ஐந்து அத்தியாயங்களைச் சொல்லுங்கள் என்றால் தயங்காமல் இதையும் சேர்ப்பார்கள். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள், அதிலும் அண்மையில் ஒன்றை இழந்தவர்கள், இதைப் பார்க்காமல் தவிர்ப்பதில் வியப்பில்லை. அவர்களிடம் வற்புறுத்திக் காட்டுவது நல்ல பழக்கமும் அல்ல.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள்: அத்தியாயத்தை முழுவதும் பார்த்து, ஃபிரை இயந்திரத்தை நிறுத்தியதும் தாங்களும் நிறுத்திவிடுவார்கள். அங்கேயே முடித்தால் இது ஓரளவு ஆறுதலான கதையாகிவிடுகிறது என்பது உண்மைதான்.

சீமோர் ஹச்சிகோவின் கதையிலிருந்து எடுக்கப்பட்டதா?

ஒப்புமையை யாரும் தவறவிட முடியாது. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் உவேனோ 1925 மே மாதம் திடீரென்று இறந்த பிறகும், அவர் வளர்த்த ஹச்சிகோ என்னும் அகிடா இன நாய், அவர் வழக்கமாக வந்து இறங்கும் ஷிபுயா ரயில் நிலையத்துக்கு நாள்தோறும் வந்து காத்திருந்தது. 1935 மார்ச் 8 அன்று அது இறந்தது. அது உயிரோடு இருந்தபோதே, 1934இல், நிலையத்தின் முன் அதற்குச் சிலை எழுப்பப்பட்டது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் எஜமானின் கல்லறையை விட்டு நகராத பாபி என்னும் நாயைப் பற்றி இதுபோன்ற கதை வழங்குகிறது. ஹச்சிகோவுக்கு ஊர் திரண்டு உணவு கொடுத்தது, பத்திரிகைகள் எழுதின, நாடே அறிந்தது. சீமோரின் காத்திருப்பை யாரும் எழுதவில்லை. அது யாருக்காகக் காத்திருந்ததோ அவனுக்கே தெரியவில்லை.

முதலில் வேறு கதை திட்டமிடப்பட்டதாகச் சொல்கிறார்களே?

ஆம். புதைபடிவமாகக் கிடைப்பது ஃபிரையின் தாயாக இருக்க வேண்டும் என்பதே தொடக்கத்தில் எழுத்தாளர்களுக்கு இருந்த எண்ணம். அது பார்ப்பவர்களுக்குப் பெருந்துயரமாக இருக்கும் என்று கருதி நாயாக மாற்றினார்கள். துயரத்தைக் குறைக்கச் செய்த மாற்றம் என்ன விளைவைத் தந்தது என்பதை ரசிகர்கள் இன்றும் கேலியாகக் குறிப்பிடுவதுண்டு. தாயின் கதையைத் தொடர் கைவிடவில்லை: 2013இல் வந்த ‘கேம் ஆஃப் டோன்ஸ்’ அத்தியாயத்தில், ஃபிரை தன் தாயின் கனவுக்குள் நுழைந்து ஒருமுறை அவளைச் சந்திக்கிறான்.

2007இல் வந்த படம் இந்த முடிவை மாற்றிவிட்டதா?

ஃபாக்ஸ் 2003இல் தொடரை நிறுத்திய பிறகு, மறுஒளிபரப்பிலும் டிவிடி விற்பனையிலும் கிடைத்த வரவேற்பால் அது மீண்டும் உயிர்பெற்றது. அந்த மறுவருகையின் முதல் படைப்பு, 2007 நவம்பரில் டிவிடியாக வெளிவந்த ‘பெண்டர்ஸ் பிக் ஸ்கோர்’ என்னும் முழுநீளப் படம். அதில் காலப்பயணத்தால் உருவாகும் ஃபிரையின் நகல் ஒருவன், 2000ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போய் பனுச்சி கடையின் மேல்மாடியில் குடியிருந்து, சீமோரோடு பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்கிறான். நாய் கல்லாக உறைந்ததற்கும் படம் ஒரு காரணம் சொல்கிறது: 2012இல் அந்த நகலைக் கொல்ல வரும் பெண்டர் ஏற்படுத்தும் வெடிவிபத்து.

இதைப் பார்த்த ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சீமோர் தனியாக இருக்கவில்லை, அது ஃபிரையோடுதான் வாழ்ந்தது, ஐந்து ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது என்று ஒரு சாரார் நன்றி சொன்னார்கள். ஒரு மகத்தான முடிவை எழுதியவர்களே வந்து அழித்துவிட்டார்கள், துயரத்தைத் தாங்கும் துணிச்சல் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று என்று மறு சாரார் கொதித்தார்கள். இரண்டையும் இணைக்க முயன்றவர்களும் உண்டு: நகல் ஃபிரை நெடுநாள் கடலுக்குப் போய்விட்ட காலத்தில் நாய் வாசலில் காத்திருந்திருக்கும், நாம் பார்த்தது அந்த நாள்களைத்தான் என்று அவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் இறுதிக் காட்சி காட்டும் ஆண்டுக்கணக்கான முதுமைக்கு அந்த விளக்கம் சரியாகப் பொருந்தவில்லை.

படம் தனியாகப் பார்த்தால் நன்றாகப் பின்னப்பட்ட காலப்பயணக் கதை, அதில் ஐயமில்லை. அதற்காக 2002இன் முடிவு செல்லாததாகிவிட வேண்டியதில்லை. இயந்திரத்தை நிறுத்திய ஃபிரைக்கு அந்தக் கணத்தில் எதுவும் தெரியாது என்பதைப் பின்னால் வந்த எந்தக் கதையும் மாற்ற முடியாது. புதிதாகப் பார்ப்பவர்களிடம், இரண்டுக்கும் இடையே கொஞ்ச காலமாவது விட்டுப் பாருங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். அடுத்தடுத்துப் பார்த்தால், மருந்து கையில் இருக்கிறது என்ற நினைப்பிலேயே காயத்தைப் பார்ப்போம்.

விருது கிடைத்ததா?

அமெரிக்கத் தொலைக்காட்சிப் படைப்புகளுக்கான எம்மி விருதுக்கு 2003ஆம் ஆண்டு பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. அந்த ஆண்டு விருதைப் பெற்றது மேட் குரோனிங்கின் இன்னொரு தொடரான ‘தி சிம்ப்சன்ஸ்’. ரசிகர்களில் சிலர் இதை இன்னும் மன்னிக்கவில்லை.

இதில் வரும் அறிவியல் எந்த அளவுக்கு நம்பத்தக்கது?

ஆயிரம் ஆண்டு என்பது ஓர் உடல் கல்லாக மாறுவதற்கு மிகக் குறுகிய காலம். பத்தாயிரம் ஆண்டைத் தாண்டியவற்றையே புதைபடிவம் என்று அழைப்பது பொதுவான வழக்கம். முழுவதும் கனிமமாகிவிட்ட உடலிலிருந்து மரபணுவை எடுப்பதும் நடக்கிற காரியமல்ல. மரபணு கிடைத்தாலும் அதில் நினைவுகள் இருக்கமாட்டா. அதற்குப் பேராசிரியர் தனியாக ஒரு கருவியைக் கொண்டுவந்து சமாளிக்கிறார்.

ஆனால் நாயை நகலாக்கும் செய்தி கற்பனையாக நீடிக்கவில்லை. இந்த அத்தியாயம் ஒளிபரப்பாகி மூன்று ஆண்டுகூட ஆகாத நிலையில், 2005இல் தென்கொரியாவின் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்னப்பி என்னும் முதல் நகல் நாய் பிறந்தது. அதன்பின் இறந்துபோன வளர்ப்பு நாய்களைப் பணம் வாங்கிக்கொண்டு நகலாக்கித் தரும் நிறுவனங்களும் தோன்றின. அப்படிப் பிறக்கும் குட்டிக்குப் பழைய எஜமானைத் தெரியாது. அதனால், உயிர்ப்பிக்கலாமா என்று ஃபிரை தயங்கிய கேள்வியை இன்று சிலர் உண்மையிலேயே தங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

தொடரே சிறுவர்களுக்கானது அல்ல; குடி, கெட்ட பேச்சு, இரட்டை அர்த்த நகைச்சுவை எல்லாம் உண்டு. விவரம் தெரிந்த பிள்ளைகளோடு பார்ப்பதானால், நாய் ஏன் உள்ளே போகவில்லை, யாரும் ஏன் அதைக் கூட்டிப்போகவில்லை என்ற கேள்விகளுக்குப் பதில் தயாராக வைத்திருங்கள்.

தொடரைப் பார்க்காதவர் இந்த அத்தியாயத்திலிருந்து தொடங்கலாமா?

கதை புரியும்; ஆனால் வேண்டாம். சோம்பேறியான ஃபிரை எதையும் விட்டுக்கொடுக்காதவன் என்பதும், பெண்டர் யாருக்காகவும் எதுவும் செய்யாதவன் என்பதும் முன்பே பழகியிருந்தால்தான் இருவரும் இங்கே செய்வதன் எடை தெரியும். 1999 மார்ச் 28 அன்று ஒளிபரப்பான முதல் அத்தியாயத்தைக் கட்டாயம் பாருங்கள். ஃபிரை எந்த இரவில், எந்த நிலையில் காணாமல் போனான் என்பது அதில்தான் இருக்கிறது. அண்ணனைப் பற்றிய அத்தியாயத்தையும் முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். இதன்பின் உடனே உறங்கப் போகாமல், 2002இல் எம்மி விருது வென்ற ‘ராஸ்வெல் தட் எண்ட்ஸ் வெல்’ அத்தியாயத்தைப் போட்டுப் பாருங்கள். அதில் ஃபிரை தனக்குத்தானே தாத்தாவாகிறான், நாய் எதுவும் சாவதில்லை.